உகியோ-எ படங்களில் அடுப்படி எங்கே?

கேள்வி: கரிசல்
பிப்ரவரி 4

உகியோ-எ என்கிற ஜப்பானிய மரப்பலகை அச்சுப் படங்களை ஒரு மாதமாக மேய்ந்துகொண்டிருக்கிறேன். பெண் என்றால் தலையில் பத்து ஊசி, தரையில் புரளும் பட்டு, கையில் ஒரு கடிதம். ஒன்று கணிகை, இல்லையென்றால் தேநீர்க்கடை அழகி. சோறு வடித்தவள், துணி துவைத்தவள், பிள்ளைக்கு மூக்குச் சிந்திவிட்டவள் என்று அந்த ஊரில் ஒருத்திகூட இல்லையா? வீட்டுப் பெண்ணை இவர்கள் வரையவே இல்லை என்பது என் முடிவு. தெரிந்தவர்கள் மறுக்கலாம்.

பதில்கள்: கசாய்க்காரி

பிப்ரவரி 4, இரவு 11 மணி

மறுக்கிறேன். உத்தமாரோ என்கிற ஓவியர் 1790களின் நடுவில் வரைந்த ‘சமையலறை’ என்கிற இரண்டு தாள் படத்தைத் தேடிப் பாருங்கள். வலது தாளில் ஒருத்தி அடுப்புக்கு முன்னால் குந்திக்கொண்டு மூங்கில் குழலால் ஊதுகிறாள். ஆமாம், ஊதாங்குழல்தான். எங்கள் வீட்டில் இரும்பு, அங்கே மூங்கில். பக்கத்தில் வெந்நீர் மொள்ளுகிறவள் புகை தாங்காமல் கண்ணைச் சுருக்கிக்கொண்டிருக்கிறாள். இடது தாளில் ஒருத்தி காய்க்குத் தோல் சீவுகிறாள். இன்னொருத்தியை வேலை செய்யவிடாமல் பிள்ளை மேலே ஏறிக்கொண்டிருக்கிறது.

மீதி நாளைக்கு. இங்கேயும் ஒன்று மேலே ஏறிக்கொண்டிருக்கிறது.

பிப்ரவரி 5

கரிசலாரே, நீங்கள் உடுப்பைப் பார்க்கிறீர்கள். புருவத்தைப் பாருங்கள்.

டோக்கியோவுக்கு எடோ என்று பெயர் இருந்த எடோ காலத்தில் (1603-1868) கல்யாணமானதும் பல்லைக் கறுப்பாக்கிக்கொள்வார்கள். பிள்ளை உண்டானாலோ பெற்றாலோ புருவத்தையும் மழித்துவிடுவார்கள். அச்சுப் படத்தில் அந்த இடம் வெறுமையாகவோ, மங்கலான பச்சை நீல நிழலாகவோ இருக்கும். அப்படி இருந்தால் அவள் ஒரு வீட்டின் மருமகளோ அம்மாவோ என்று ஏறக்குறைய சொல்லிவிடலாம். உத்தமாரோவின் ‘காதல் பாடல் தொகுதி’ வரிசையில் கன்னத்தில் கை வைத்து எதையோ நினைத்துக்கொண்டிருக்கும் ஒருத்தி உண்டு. காதல் படம் என்று எல்லோரும் ரசிக்கிறார்கள். புருவம் மழித்திருக்கிறது. அப்படியானால் அவள் யாரை நினைக்கிறாள் என்பது வேறு கதை.

கணிகையைக் கண்டுபிடிக்க இடுப்புக்கச்சையான ஒபியின் முடிச்சைப் பாருங்கள். முன்னால் முடிந்திருந்தால் கணிகை. பல் கறுப்பாக இருந்தால் குடும்பப் பெண். அவ்வளவுதான், சுலபம்.

பிப்ரவரி 5, அரை மணி கழித்து

சுலபம் என்று எழுதிய கையை உடைக்க வேண்டும். எடோவின் கணிகையர் பேட்டையான யோஷிவாராவின் பெண்களும் பல்லைக் கறுப்பாக்கிக்கொண்டவர்கள். வயது முதிர்ந்த குடும்பப் பெண்களும் முடிச்சை முன்னால் போட்டுக்கொள்வது உண்டு. எனவே மேலே எழுதியதில் கடைசிப் பத்தியை அடித்துவிடுங்கள். புருவம் மட்டும் நிற்கட்டும்.

பிப்ரவரி 6

பல்லைப் பற்றி மேல்மாடிப் பாட்டியிடம் கேட்டேன். எண்பத்தாறு வயது. சின்ன வயதில் ஊரில் தன் கொள்ளுப்பாட்டியைப் பார்த்திருக்கிறாராம். வாயைத் திறந்தால் இருட்டாக இருக்கும், சிரித்தால் பயந்து அழுவேன் என்றார். இரும்புத் துண்டுகளைப் புளித்த திரவத்தில் ஊறப்போட்டு, அதோடு மாசிக்காய் போன்ற ஒரு துவர்ப்புக் காய்ப்பொடியைச் சேர்த்துப் பூசுவார்கள். நாற்றம் தெருவுக்கே வருமாம். படத்தில் நாற்றம் இல்லை. இதைத்தான் நான் இத்தனை நாளாக எழுத நினைத்துக்கொண்டிருந்தேன் போல.

என் பெயரைக் ‘கசாப்புக்காரி’ என்று படித்த புண்ணியவானுக்கு: நான் இருப்பது டோக்கியோவின் நிஷி-கசாய். வெட்டுவது வெங்காயம் மட்டும்.

பிப்ரவரி 11

விடுமுறை. கொஞ்சம் நீளமாக எழுதலாம்.

இந்தப் படங்களைப் பார்க்க நான் வைத்திருக்கும் ஒரே அளவுகோல் இதுதான்: வேலை நடக்கிறதா, அல்லது வேலைக்குப் பக்கத்தில் ஒருத்தி நிற்கிறாளா? நான் ஓவியம் படித்தவள் இல்லை. பாத்திரம் கழுவுகிறவள். கழுவுகிற கை எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

உத்தமாரோவுக்கு முந்திய ஓவியர் ஹருனொபுவை எடுத்துக்கொள்வோம். 1765இல் எடோவின் ரசிகர் குழாம் புத்தாண்டுக்குப் படநாட்காட்டி அச்சிட்டுப் பரிமாறிக்கொண்டபோதுதான் பல வண்ண அச்சு பிறந்தது. பட்டுச்சித்திரம் என்ற பொருளில் நிஷிகி-எ என்றார்கள். அதில் முன்னால் நின்றவர் ஹருனொபு. அடுத்த ஆண்டுவாக்கில் ‘கூடத்தின் எட்டுக் காட்சிகள்’ செய்தார். சீனாவில் சியாவோ, சியாங் ஆற்றுப் பகுதியின் எட்டு அழகுகள் என்று ஒரு மரபு உண்டு: இரவு மழை, இலையுதிர் நிலா, வீடு திரும்பும் பாய்மரங்கள், மாலைப் பனி, இப்படி. ஹருனொபு அந்த எட்டையும் வீட்டுக்குள் கொண்டுவந்து போட்டார். கெண்டியில் தண்ணீர் கொதிக்கும் ஓசைதான் இரவு மழை. கண்ணாடிதான் நிலா. துண்டு காயப்போடும் சட்டத்தில் படபடக்கும் துண்டுகள் பாய்மரம். அரக்குப் பூசிய வாளியைக் கவிழ்த்து அதன்மேல் பட்டுப் பஞ்சை இழுத்து விரிக்கிறார்களே, அந்த வெள்ளைக் குன்றுதான் மாலைப் பனி.

யோசனை எவ்வளவு அழகு! சொக்கிப்போய் ஒரு வாரம் எட்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தேன். எட்டாம் நாள் கையைப் பார்த்தேன். அத்தனை பெண்களுக்கும் பதினான்கு வயதுக் குழந்தையின் கை. மணிக்கட்டு வெண்டைக்காய் அளவு. ஈரப் பஞ்சை இழுத்து விரிக்க வலு வேண்டும். இந்தக் கை ஒரு சொம்பைத் தூக்காது. ஹருனொபுவுக்குப் பிடித்தது கெண்டியும் வாளியும். அவற்றைத் தூக்குகிறவளுக்கு முதுகு வலிக்கும் என்பது அவர் கணக்கில் இல்லை.

உத்தமாரோவிலேயே இந்த இரண்டு வகையும் உண்டு. 1790களின் கடைசியில் ‘பட்டுப்புழு வளர்க்கும் பெண்கள்’ என்று பன்னிரண்டு தாள் வரிசை செய்தார். முட்டை, புழு, முசுக்கொட்டை இலை, கூடு, நூல், துணி வரை எல்லாக் கட்டமும் இருக்கிறது. புழு இரவும் பகலும் தின்னும். இலை போட்டு மாளாது, வளர்க்கிற வீட்டில் யாரும் தூங்கமாட்டார்கள். படத்தில் எல்லோரும் கல்யாணத்துக்குப் போகிற சிங்காரத்தோடு தட்டைத் தூக்கிக்கொண்டு நிற்கிறார்கள். ஆனால் ‘சமையலறை’யில் அந்தச் சுருங்கிய கண்? அது யாரையோ பார்த்து வரைந்தது.

பிப்ரவரி 12

“உத்தமாரோ உத்தமரா?” என்று கேட்டவருக்கு: 1804இல் மூன்று நாள் சிறை, ஐம்பது நாள் கை விலங்கு. குற்றம், ஹிதெயோஷி என்கிற பழைய தளபதியின் வரலாற்றைப் படமாக்கியது. இரண்டு வருடத்தில் இறந்துபோனார்.

அதிகாரிகள் அவரை அதற்கு முன்பிருந்தே விரட்டிக்கொண்டிருந்தார்கள். 1793இல் கணிகை அல்லாத பெண்களின் பெயரைப் படத்தில் போடக் கூடாது என்று உத்தரவு வந்தது. தேநீர்க்கடையில் வேலை செய்த ஒகிதா என்ற பெண் ஊருக்கே தெரிந்த முகம். பெயர் போடாமல் எப்படி விற்பது? மேல் மூலையில் விடுகதைப் படம் போட்டார்: கீரைக்கட்டு இரண்டு, ஓர் அம்பு, கடல், வயல். ஜப்பானிய மொழியில் சேர்த்து வாசித்தால் நானிவா-யா ஒகிதா. கடை பெயரும் ஆள் பெயரும். 1796இல் விடுகதைக்கும் தடை. 1800இல் பெரிய முகப் படங்களுக்கும் கட்டுப்பாடு.

பெயரில்லாத அம்மாக்களும் தையல் பெண்களும் அந்தப் பத்தாண்டில் அவர் படங்களில் அதிகம் தென்படுவதற்கு இதுவும் ஒரு காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. பால் கொடுக்கும் தாய்க்குப் பெயர் தேவையில்லை. மலைக்கிழவி யாமாவுபா தங்கப்பிள்ளை கிந்தாரோவுக்குப் பால் கொடுப்பதை எத்தனையோ தடவை வரைந்தார். அது புராணம், யாரும் கேட்க முடியாது. அந்தப் பிள்ளை ஒரு பக்கம் குடித்துக்கொண்டே மறுபக்கத்தைக் கையால் பிடித்துக்கொண்டிருப்பதைப் பார்த்தால், பிள்ளை வளர்த்த யாருக்கும் அது புராணமாகத் தெரியாது.

பிப்ரவரி 12, மதியம்

அம்மா படங்கள் அவ்வளவும் தடையால் வந்தவை என்று நான் சொன்னதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 1793க்கு முன்பும் இருக்கின்றன. வாங்க ஆள் இருந்ததால் வரைந்தார்கள்.

பிப்ரவரி 14

கொசுவலை. இதைச் சொல்லாமல் விட்டால் தூக்கம் வராது.

வலைக்குள் ஒருத்தி, வெளியே ஒருத்தி என்று உத்தமாரோவின் படம் ஒன்று உண்டு. மெல்லிய துணி, மூங்கில் தட்டி, வலை இவற்றின் ஊடாகத் தெரியும் முகங்களை மட்டும் வைத்து அவர் ஒரு வரிசையே செய்தார். கணினியில் பெரிதாக்கிப் பார்த்தால் வலையின் ஒவ்வொரு நூலும் தனித்தனிக் கோடு. மரத்தில் கோடு வரையவில்லை என்பதை ஞாபகம் வையுங்கள். கோடு மட்டும் நிற்க, மற்றதைச் செதுக்கி எடுக்கிறார்கள். குறுக்கும் நெடுக்கும் ஒரே பலகையில் செதுக்கினால் மை சந்திகளில் தேங்கும். அதனால் நெடுக்குக் கோட்டுக்கு ஒரு பலகை, குறுக்குக் கோட்டுக்கு ஒரு பலகை. இரண்டும் தாளில் ஒன்றின்மேல் ஒன்று விழும்போதுதான் வலை பிறக்கிறது. பலகை ஓரத்தில் கெந்தோ என்று இரண்டு சின்ன வெட்டுக்குறி இருக்கும். தாளின் மூலையை அதில் வைத்து, மூங்கில் மடல் சுற்றிய பாரென் என்கிற வட்டத் திண்டால் தேய்த்து அச்செடுப்பார்கள். குறி ஒரு நூல் பிசகினால் வலை கசங்கிவிடும்.

செதுக்குகிறவர்களிலும் படிநிலை உண்டு. உடம்பும் உடையும் இளையவர்களுக்கு. முகமும் முடியும் மூத்த ஆசாரிக்கு. நெற்றியோரத்தில் முடி தோலிலிருந்து கிளம்பும் இடம்தான் கடைசிப் பரீட்சை. ஓவியர், செதுக்குபவர், அச்சிடுபவர், முதல் போட்ட பதிப்பாளர் என்று நான்கு கை. பெயர் மட்டும் ஒருவருக்கு.

பிப்ரவரி 18

“நீங்கள் வாங்கியதுண்டா?” என்று கரிசலார் கேட்கிறார். ஒன்றே ஒன்று. அதுவும் அசட்டுத்தனமாக.

ஜிம்போச்சோ பழைய புத்தகக்கடைத் தெருவில் ஒரு கடைப்பெட்டியில் கிடந்தது. மூவாயிரம் யென். சன்னலோரம் உட்கார்ந்து தைக்கும் பெண். நடுவில் மேலிருந்து கீழாக இரண்டு மடிப்புக்கோடு. “மடங்கிக் கிழிகிற மாதிரி இருக்கிறதே, குறைத்துக் கொடுங்கள்” என்று என் அரைகுறை ஜப்பானிய மொழியில் பேரம் பேசினேன். கடைக்காரர் சிரித்துவிட்டார். அது குச்சி-எ. மெய்ஜி காலத்தில் (1868-1912) நாவலுக்கும் கதைப் பத்திரிகைக்கும் முகப்பில் மடித்து வைத்துத் தைத்த மரப்பலகை அச்சு. 1895இல் தொடங்கிய ‘புங்கெய் குராபு’ பத்திரிகையில் இதழ்தோறும் ஒன்று வரும். மடிப்பு இருந்தால்தான் அது பத்திரிகையிலிருந்து வந்தது என்று அர்த்தம். மடிப்பில்லாமல் இருந்தால்தான் சந்தேகப்பட வேண்டும். முகம் சிவந்து முழுக்காசையும் கொடுத்துவிட்டு வந்தேன்.

அப்புறம் செய்தது அதைவிட மோசம். சட்டம் போட்டு மேற்குச் சன்னலுக்கு எதிரில் மாட்டினேன். இரண்டு கோடை போனது. அவள் உடுப்பு ஊதாவாக இருந்தது, இப்போது சாம்பல்.

அந்தப் படமும் என் அளவுகோலில் தேறவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். தைக்கிற துணியின் ஒரு முனையை ஏதோ குச்சியில் கட்டி இழுத்துப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். உலகத்தில் யார் துணியைக் கம்பத்தில் கட்டித் தைப்பார்கள்? ஓவியர் வாழ்க்கையில் ஊசியைத் தொட்டதில்லை என்று முடிவு செய்தேன். அழகுக்கு ஒரு சாய்வுக் கோடு தேவைப்பட்டிருக்கும்.

பிப்ரவரி 20

வெளுத்த கதையைப் படித்துவிட்டு நிறைய வசவு. நியாயம்தான்.

ஆனால் இது என் சன்னலோடு நிற்கவில்லை. பதினெட்டாம் நூற்றாண்டுப் படங்களின் சிவப்பு குசும்பப் பூவிலிருந்து வந்தது, வெளிச்சம் பட்டால் போய்விடும். நீலம் ஒரு சின்னப் பூவின் சாறு, ஈரம் பட்டாலே மாறிவிடும். இரண்டும் சேர்ந்த ஊதா பழுப்பாகிவிடும். ‘ஜப்பானியரின் மெல்லிய பழுப்பு ரசனை’ என்று நாம் உருகுவதில் பாதி வெயிலின் வேலை. பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்துக்கு 1921இல் ஸ்பால்டிங் சகோதரர்கள் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட படங்களைக் கொடுத்தபோது, ஒருநாளும் காட்சிக்கு வைக்கக் கூடாது என்று நிபந்தனை போட்டார்கள். அதனால் அவற்றில் ஊதா இன்னும் ஊதாவாகவே இருக்கிறது. இணையத்தில் பாருங்கள். சேலைக்கடை மாதிரி பளிச்சென்று அடிக்கும்.

சேலைக்கடை என்றதும் ஞாபகம் வருகிறது. பிப்ரவரி 11இல் உத்தமாரோவின் பட்டுப்புழுப் பெண்களைத் திட்டினேன் அல்லவா? அது கொஞ்சம் அநியாயம். இந்தப் படங்கள் பாதி ஓவியம், பாதி விளம்பரம். கடைசிக் காலத்தில் அவர் கோடை உடுப்பு வரிசை ஒன்று செய்தார். ஒவ்வொரு தாளிலும் ஒரு துணிக்கடையின் பெயர். அதில் ஒன்று எச்சிகோயா, இன்றைய மித்சுகோஷி பேரங்காடியின் மூதாதை. ஏய்சென் என்கிற பிந்தைய ஓவியர் வரைந்த பெண்களுக்குப் பக்கத்தில் செஞ்சோகோ என்கிற முகப்பூச்சுப் பொட்டலம் பெயர் தெரிகிற மாதிரி உட்கார்ந்திருக்கும். தொலைக்காட்சியில் சோப்பு விளம்பரத்துப் பெண் வியர்க்கவில்லை என்று யாராவது கோபித்துக்கொள்வார்களா?

நான் கோபித்துக்கொள்வேன். ஆனாலும்.

மார்ச் 3

இன்று பெண் குழந்தைகள் பண்டிகை, ஊரெல்லாம் பொம்மை வரிசை. சின்னவள் பள்ளியிலிருந்து காகிதப் பொம்மை செய்து வந்திருக்கிறாள். ராணிக்கு ஒரு கண்தான்.

படத்தில் இருக்கிற அறைகளைப் பற்றி. ஹருனொபுவின் கூடத்தில் ஒரு பெண்ணும் கெண்டியும் போக மீதி காற்றுதான். எடோவின் சாதாரணக் கூலிக்காரக் குடும்பம் இருந்தது நாகாயா என்கிற வரிசைவீட்டில். ‘ஒன்பது ஷாக்கு, இரண்டு கென்’ என்பார்கள். ஏறக்குறைய இரண்டே முக்கால் மீட்டருக்கு மூன்றரை மீட்டர். வாசலையொட்டி ஒன்றரைப் பாய் அளவு மண்தரை, அதில் அடுப்பு. மிச்சம் நாலரைப் பாயில் குடும்பமே தூங்கும். கழிப்பறையும் கிணறும் எல்லோருக்கும் பொது. அதனால் படத்தில் அறை விசாலமாக இருந்தால் அது வசதியான வியாபாரி வீடு, இல்லையென்றால் கனவு. எங்கள் அடுக்குமாடி வீட்டை நான் இனிமேல் குறை சொல்லப்போவதில்லை. நாளைக்குச் சொல்வேன்.

1842 சீர்திருத்தத்தில் நடிகர் படம், கணிகைப் படம் இரண்டையும் தடுத்தார்கள். விலை பதினாறு மோனுக்கு (அந்தக் காலச் செப்புக்காசு) மேல் போகக் கூடாது, வண்ணம் ஏழு எட்டோடு நிற்க வேண்டும். பதினாறு மோன் ஒரு கிண்ணம் சோபா நூடுல்ஸ் விலை. அந்த நெருக்கடியில்தான் ஓவியர் குனியோஷி 1844இல் கட்டம்போட்ட உடுப்புப் பெண்களின் வரிசையைச் செய்தார். அந்தப் பெரிய கட்டத்துக்குப் பென்கெய் என்ற பழைய வீரத்துறவியின் பெயர். ஒவ்வொரு தாளிலும் அவர் கதையை ஏதோ ஒரு வீட்டு விஷயத்தோடு முடிச்சுப் போடுகிறார். ஒன்றில் அம்மா கையில் ஒரு தட்டு சுஷி. பிள்ளை உடுப்பைப் பிடித்துக்கொண்டு எம்புகிறது. அம்மா முகத்தில் ‘இருடா’ என்று எழுதியிருக்கிறது. கரிசலாரே, மூக்குச் சிந்திவிடவில்லை, ஆனால் அதற்கு அடுத்த வினாடி அதுதான் நடக்கும்.

மார்ச் 9

“வரைந்தவர்களில் ஒரு பெண்கூட இல்லையா?” என்று ஒருவர் கேட்டு நான்கு நாளாகிறது. மன்னிக்கவும், வீட்டில் எல்லோருக்கும் காய்ச்சல்.

இருக்கிறார். ஓயி, புகழ்பெற்ற ஓவியர் ஹொகுசாயின் மகள். அப்பாவே “அழகிகளை வரைவதில் அவளுக்கு நான் இணையில்லை” என்று சொன்னதாகச் சொல்வார்கள். மணமாகிப் பிரிந்து அப்பாவோடு வந்து இருந்துகொண்டார். அந்த வீட்டைச் சீடர் ஒருவர் பின்னாளில் நினைவிலிருந்து வரைந்து வைத்திருக்கிறார். ஹொகுசாய் போர்வைக்குள் சுருண்டுகொண்டு தரையில் தாள் விரித்து வரைகிறார், மகள் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிறாள், சுற்றிலும் குப்பை. சமைப்பது கிடையாது. வாங்கித்தான் சாப்பிட்டார்கள், பொட்டலத்தை அப்படியே போட்டுவிடுவார்கள்.

இப்போது வேடிக்கை. 1847இல் பெண்களுக்கான அன்றாட வாழ்க்கைக் கையேடு ஒன்று வெளிவந்தது, ‘ஒன்னா சோஹோகி’. எப்படி உடுத்துவது, எப்படி நடந்துகொள்வது, வீட்டை எப்படி நடத்துவது எல்லாம் இருக்கும். அதற்குப் படம் போட்டது யார்? ஓயி அம்மையார்தான்.

இதைப் படித்த அன்று பாத்திரத்தை அப்படியே போட்டுவிட்டுத் தூங்கினேன்.

மார்ச் 16

மெய்ஜி கால ஓவியர் யோஷிதோஷியின் ‘முப்பத்திரண்டு’ பற்றிக் கொஞ்சம். 1888இல் வந்த வரிசை. புத்தருக்கு முப்பத்திரண்டு மகாபுருஷ லட்சணம் உண்டல்லவா, ஜப்பானிய மொழியில் அந்த லட்சணத்துக்கு ‘சோ’ என்று பெயர். பேச்சில் வினைக்கோ பண்புச்சொல்லுக்கோ பின்னால் ‘சோ’ சேர்த்தால் நம் ‘போல’. புகையுது போல, அரிக்குது போல. இரண்டையும் கோத்து முப்பத்திரண்டு பெண்களுக்குத் தலைப்பு வைத்துவிட்டார். ‘தொல்லை போல’ படத்தில் ஒரு பெண் வெள்ளைப் பூனையைக் கட்டிப்பிடித்து நசுக்குகிறாள், தொல்லை பூனைக்கு. ‘அரிக்குது போல’ கொசுவலையிலிருந்து பாதி வெளியே வந்தவள். ‘புகையுது போல’ ஓர் இல்லத்தரசி, 1800களின் தொடக்கக் காலத்தவள். கண்ணில் புகை.

உத்தமாரோவும் 1792 வாக்கில் பெண்களின் முகலட்சணத்தைப் பத்து வகையாகப் பிரித்து ஒரு வரிசை தொடங்கி, ‘லட்சணம் பார்க்கும் உத்தமாரோ’ என்றே கையெழுத்துப் போட்டார். சாமுத்திரிகா லட்சணம் பார்க்கிற ஜோசியர் மாதிரி. அவர் எங்கே முகத்தை வகைப்படுத்தினாரோ, அங்கே நூறு வருடம் கழித்து யோஷிதோஷி உடம்பு படுகிற பாட்டை வகைப்படுத்துகிறார். எனக்கு இரண்டாமவர் பக்கம்தான் சாய்வு. அரிப்புக்குக் கணிகை, குடும்பப் பெண் என்ற பேதமில்லை.

மார்ச் 17

சிறு சேர்க்கை. பாரிசில் 1890 வசந்தத்தில் நுண்கலைப் பள்ளியில் எழுநூறுக்கும் மேற்பட்ட ஜப்பானிய அச்சுப் படங்களை வைத்தார்கள். அமெரிக்க ஓவியர் மேரி கசாட் அதைப் பார்த்துக் கிறங்கிப்போய் அடுத்த ஆண்டுக்குள் பத்து வண்ண அச்சுகள் செய்தார். குழந்தையைக் குளிப்பாட்டுகிறாள், கடித உறையை நாக்கால் ஒட்டுகிறாள், தையல்காரி மண்டியிட்டு உடுப்பின் ஓரத்தைச் சரிசெய்கிறாள். மரமில்லை, செம்புத் தகடு. அவருக்குப் பிள்ளை கிடையாது, கல்யாணமும் இல்லை. ஆனால் குளிப்பாட்டுகிறவள் தண்ணீரில் கை வைத்துச் சூடு பார்க்கிறாள். ‘பார்த்துப் பழகியவர்தான் வரைய முடியும்’ என்று நான் வைத்திருந்த கொள்கைக்கு அது போதும்போல இருந்தது. பார்த்தால் போதும், செய்ய வேண்டியதில்லை.

அவருடைய நண்பர், பிரெஞ்சு ஓவியர் தெகா, கியோனாகா என்கிற எடோ கால ஓவியரின் ‘பெண்கள் குளியலறை’ இரட்டைத் தாளைப் படுக்கையறையில் மாட்டி வைத்திருந்தார். இப்போது அதுவும் பாஸ்டனில்.

ஏப்ரல் 6

ஒரு மன்னிப்பு.

பள்ளி திறக்கப்போகிறது. இங்கே ஒவ்வொரு பிள்ளையும் ஸோகின் கொண்டுபோக வேண்டும், வகுப்பறைத் தரையைப் பிள்ளைகளே துடைக்கிற துணி. பழைய துண்டை மடித்துக் கையால் தைப்பேன். கதவைத் திறந்துபோட்டுத் தைத்துக்கொண்டிருந்தபோது மேல்மாடிப் பாட்டி எட்டிப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். ஜப்பானில் யாரும் நேரடியாகச் சொல்லமாட்டார்கள். “கை வலிக்குமே” என்றார்.

உள்ளே வந்தவர் கண்ணில் சுவரில் சாம்பல் உடுப்புக்காரி பட்டாள். “ஓ, குகெதாய்!” என்று குழந்தை மாதிரி கைதட்டினார்.

நான் கம்பம் என்று எழுதியது குகெதாய். ஆங்கில ‘எல்’ எழுத்து மாதிரி ஒரு மரத் தாங்கி. அடிப்பலகையைத் தொடைக்கடியில் வைத்து அழுத்திக்கொள்வார்கள். நிற்கிற குச்சியின் தலையில் ஊசி குத்தும் திண்டு, அதிலிருந்து ஒரு கயிறு, கயிற்று நுனியில் கவ்வி. கவ்வி துணியின் ஒரு முனையைப் பிடித்துக்கொள்ளும். இடது கை மறுமுனையை இழுக்கும். துணி விறைப்பாக நிற்கும். அப்புறம் வலது கையில் ஊசி அசையாது. நடுவிரல் மோதிரத்தில் ஊசியின் காதை முட்டுக்கொடுத்து, துணியைத்தான் மேலும் கீழுமாக ஆட்டி ஊசியில் ஏற்றுவார்கள். ஒரு முழம் போனபிறகு ஒரே இழுப்பில் நூலை உருவுவார்கள். பாட்டி என் சாப்பாட்டு மேசைக் காலில் துணிக்கிளிப்பைக் கயிற்றால் கட்டிச் செய்து காட்டினார். எண்பத்தாறு வயது விரல், மிஷின் மாதிரி ஓடியது. என் பத்துத் தையலுக்கு நேரம் ஆகும்முன் அவர் ஓரத்துக்குப் போய்விட்டார்.

சட்டத்தைக் கழற்றிப் படத்தைக் கையில் எடுத்துப் பார்த்தேன். எல்லாம் இருந்தது. தொடைக்கடியில் பலகை. திண்டில் குத்திய ஊசிகள். நடுவிரலில் ஒரு மெல்லிய கோடு, அதைப் புள்ளி என்று நினைத்திருந்தேன், மோதிரம். அந்த ஓவியர் ஊசியைத் தொட்டதில்லை என்று பிப்ரவரி 18இல் எழுதினேன். ஊசி தெரியாதவள் நான்தான். ஹருனொபுவின் வாளிப் பெண்களைத் திட்டியதையும் இப்போது முழுதாக நம்ப முடியவில்லை. நான் பட்டுப் பஞ்சு இழுத்தவளா என்ன? மணிக்கட்டு விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்கமாட்டேன்.

இன்னொன்று. தாளைத் திருப்பினேன். முசுக்கொட்டை இனத்து நாரில் செய்த தாள், பாரென் அழுத்தத்தில் வண்ணம் பின்பக்கம்வரை இறங்கியிருக்கிறது. வெயில் படாத பக்கத்தில் உடுப்பு இன்னும் ஊதா. முகம் இடம் வலமாக மாறி, இடது கையால் தைக்கிறாள். சட்டத்தில் இனி மாட்டப்போவதில்லை, அலமாரிக்குள் போகிறது.

ஏப்ரல் 7

மேசைக்கால் முறையில் ஸோகின் தைத்தேன். முதல் நான்கு தையல் கோணல், விரலில் இரண்டு குத்து. பாட்டி பார்த்துவிட்டு “தரைக்குத்தானே” என்றார். பள்ளியில் இரண்டு கேட்டிருக்கிறார்கள், இன்னும் ஒன்று பாக்கி.